மாற்றுறுப்பும் தனி உயிரணு ஆராய்ச்சியும்

அரியலூரிற் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களைக் கண்டவர், ஆங்குக் கல்லினுள்ளே சங்கும் சிப்பியும் பதிந்து கிடத்தலை அறிவர். அக்கல்லைச் சிமெண்டு ஆலையில் இடித்துப் பொடியாக்கிச் சோதித்தால், சுண்ணம் இத்துணைப் பங்கு, மணல் இத்துணைப் பங்கு என்னும் கணக்குக் கிடைக்கும். ஆயின் அங்கிருந்த பழங்கடலில் வாழ்ந்த உயிர்கள் யாவை என்பது அப்பொடியினின்று புலப்படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டோலிக்ஸ்கா என்னும் நிலநூலறிஞர் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கல்லோடுகளை வகைவகையாகப் பிரித்து ஆராய்ந்து அவற்றை விளக்கினர். மருத்துவ நூலில் இக்காலத்துத் தோன்றியுள்ள தனி உயிரணு ஆராய்ச்சியும் இத்தன்மைத்தே. மாற்றுறுப்புச் சிகிச்சைக்கு அது துணையாகும் வகையை ஈண்டுக் கூறுவாம்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்பவர், ஒரு மனிதரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவ்விருவரும் ஒரே கருவினின்று தோன்றினோராதலின், ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் அயலென வெறுக்கவில்லை. நம் நாட்டில் இச்சிகிச்சை, ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றி பெற்றது. இரட்டையரல்லாதார்க்கு இடர் பெரிது. நோய்க்கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களே புதிய உறுப்பையும் எதிர்க்கும். அவற்றை அடக்கப் பெரும்பாலோர் தொடர்ந்து மருந்துண்ணல் வேண்டும்.

இங்கேதான் வைத்தியர்க்குத் தர்மசங்கடம். பொருத்திய சிறுநீரகம் சில திங்களிற் சோர்ந்து, இரத்தத்திற் கிரியாட்டினின் என்னும் கழிபொருள் மிகுகின்றது எனக் கொள்வோம். வெள்ளணுக்களின் எதிர்ப்பே காரணமாயின், அடக்கும் மருந்தைக் கூட்டவேண்டும், பி.கே. என்னும் வைரஸ் காரணமாயின், அதே மருந்தைக் குறைக்கவேண்டும். ஒன்றற்குரியதை மற்றதற்குச் செய்யின் உறுப்புக் கெடும். மகனுக்குத் தாய் ஈந்த சிறுநீரகமாயின் அவ்வீகையும் வீணாம். ஊசியால் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியிற் பார்த்தால், இரண்டிலும் வெள்ளணுக்கள் குழுமியிருத்தல் காணலாம். சாயமிட்டு வேறுபடுத்தும் முறைகள் உளவெனினும், ஐயம் எப்பொழுதும் முற்றத் தீர்வதில்லை.

தனி உயிரணு முறையில் அத்துணுக்கை நொதிப்பொருளால் இளக்கி உயிரணுக்களைப் பிரிப்பர். பின்பு எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளியொன்றில் ஓர் உயிரணுவும், தனி அடையாளக்குறி தாங்கிய ஒரு மணியும் சேருமாறு செலுத்துவர். உயிரணுவில் அவ்வேளை தொழில்புரியும் மரபணுக்களின் படிகளாகிய ஆர்.என்.ஏ. இழைகள் அம்மணியின் குறியைப் பெறும். தபால் முத்திரை குத்திய கடிதங்கள் ஒரே பையிற் கலந்தாலும் ஊர் தெரிவதுபோல, இழைகளை ஒருங்கே படித்தாலும் எது எவ்வுயிரணுவினது என்பதைக் கணினி தெரிந்துகொள்ளும்.

2018ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர், எதிர்ப்புக்குள்ளான ஒரு மாற்றுச் சிறுநீரகத்தின் துணுக்கை இவ்வாறு ஆராய்ந்து 16 வகை உயிரணுக்களைப் பிரித்துக் காட்டினர். கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் மரபணுவில் உள்ள சிறு வேற்றுமைகளைக் கொண்டு, ஒரு வெள்ளணு எவருடையது என்பதனையும் பின்னர் அறியலாயினர். கொடுத்தவருடைய வெள்ளணுக்கள் சில, உறுப்போடு வந்து புதிய உடலிலும் உயிர்வாழ்கின்றனவாம்! எனக்கு இதனினும் வியப்பானது வேறில்லை.

குறைகளும் உள. இளக்கும்போதே மெல்லிய உயிரணுக்கள் மடியும், செலவும் மிகுதி. ஆகவே இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச்சாலைக்கே உரியது. ஆயினும் உறையவைத்த துணுக்கினின்று உயிரணுவின் கருவை மட்டும் எடுத்துப் படிக்கும் வழியும் வந்துள்ளது. ஆதலின் 2022இல் திறக்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்றதோரிடத்தில் எடுத்த துணுக்கையும், கடுங்குளிரிற் காத்துத் தொலைவிலுள்ள ஆராய்ச்சிச்சாலைக்கு அனுப்புதல் இயலும்.