கத்திரி வெயிலும் மிதிவண்டியும்

கத்திரி வெயிலில் மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரை மூச்சிரைக்க மிதிவண்டி ஓட்டினால் உடல் உரம் பெறும் என்பர் சிலர். இது சரிதானா?

மிதிவண்டி ஓட்டுவதால் கால் தசைகளும் இதயமும் வலுப்பெறுவது உண்மையே. ஆனால் அவ்வலிமையைத் தருவது உழைப்பு, வெயிலன்று. வெயிலில் இதயம் தசைகளுக்கு மட்டுமின்றி, உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் மிகுதியாக இரத்தம் அனுப்ப வேண்டியுள்ளது. எனவே விரைவில் களைத்து விடுகிறோம், பயிற்சியும் குறைகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகினால் 1 அல்லது 2 வாரங்களில் வியர்வை எளிதில் சுரக்கும். அதில் உப்பும் குறையும். இது வெப்பத்தைத் தாங்கும் பழக்கமே. நம் உடல் வெப்பம் சுமார் 37 பாகை செல்சியஸ். அது 40 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

1965இல் மிதிவண்டிப் பந்தயத்தில் உலகச் சாம்பியனான இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன், 1967 ஜூலை 13 அன்று பிரான்சு நாட்டு மலைச்சாலையொன்றில் கடும் வெப்பத்தில் சாய்ந்து மாண்டார். அவர் உட்கொண்டிருந்த ஊக்க மருந்து களைப்பை மறைத்துவிடும் தன்மையது. களைப்போ, உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி!

தோழியரே, காலை வேளையில் ஓட்டுவோம்; தண்ணீர் அருந்துவோம்; தலை சுற்றினால் உடனே நிழலில் இறங்குவோம். இறைவன் தந்த உடலைப் பேணுவதும் நம் கடமையன்றோ!