மாநாடு மீமிசலிலேயே நடக்கட்டும்

கேள்வி: கடல், நீர்நிலை பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடிப் பேச எங்கள் பக்கம் வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, ஆவுடையார்கோவில்

பதில்: சென்னைக்குப் பஸ் ஏற வேண்டாம். சிற்பம் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறவர்கள், பக்கத்திலேயே மீமிசலில் கடல் இருப்பதைக் கவனிப்பதில்லை. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தஞ்சைக் கரையில் ஓம்கார் அமைப்பு சூழல் கல்வி மையம் நடத்துகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அவர்களிடம் ஆள் கேளுங்கள். ஆனால் கூட்டத்தை அரங்குக்குள் அடைக்காதீர்கள். படகுகள் திரும்பும் காலை நேரத்தில் மீமிசல் கரையிலேயே வையுங்கள். ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லை ஆசிரியர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பாசி என்று நினைப்போம். வேரும் உண்டு, பூவும் பூக்கும். கடற்பசு அதை வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்த இடம் அடிமணலில் வெறும் பாதையாகத் தெரியும். வலையில் சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் இந்தக் கரையில் உண்டு. சிறப்புப் பேச்சாளர் அவர்களில் ஒருவராக இருக்கட்டும். பொன்னாடையும் அவருக்கே.