கல்லறைகளுக்கு நடுவே பெட்டி எதற்கு?

அன்புள்ள தம்பி,

யூட்டா மாநிலத்தின் கிராஃப்டன் கல்லறைத் தோட்டத்தில், ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய உன் முதல் ஜியோகேஷிங் பெட்டியை ஒளித்துவைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். இடத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. பெட்டியை அதற்குள்ளேயே வைப்பதுதான் சரியில்லை.

திறந்த வெளியிலும் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். காட்டில் அதனால் நஷ்டமில்லை, நாலு புதரை விலக்கிப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சில மீட்டருக்குள் எத்தனை பேர் அடக்கமாகியிருக்கிறார்கள்! தேடி வருகிறவன் கல்லை அசைப்பான், அடியில் விரலை நுழைப்பான், மரவேலி இடுக்கில் துழாவுவான். இதுபோன்ற பழைய இடங்களில் பெயர்க்கல்லே இல்லாத குழிகளும் இருக்கும். மண் லேசாக உள்வாங்கியிருப்பது மட்டும்தான் அடையாளம். 2005-இல் தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை, கல்லறைத் தோட்டங்களில் அனுமதியின்றி இந்த விளையாட்டை ஆடக் கூடாது என்று ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன்.

கிராஃப்டனில் மறைத்துவைக்க என்ன இருக்கிறது? படிக்கத்தான் நிறைய இருக்கிறது. 1859-இல் பருத்தி பயிரிட வந்த மார்மன் குடியேறிகளின் ஊர் அது. 1862 ஜனவரியில் வர்ஜின் ஆறு ஊரை அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளத்துக்கு நடுவே வண்டிக்குள் பிறந்த குழந்தைக்கு 'அதிசய வெள்ளம்' என்ற பொருளில் 'மார்வலஸ் ஃப்ளட்' என்று பெயர் வைத்தார்களாம். ஊரை ஆற்றின் மேற்புறமாகத் தள்ளி மறுபடி கட்டினார்கள். 1866 அவர்களுக்குப் பொல்லாத ஆண்டு. டிப்தீரியா வந்தது. ஊஞ்சல் அறுந்து விழுந்து இரண்டு சிறுமிகள் போனார்கள். பெர்ரி குடும்பத்தில் அண்ணன், அவர் மனைவி, தம்பி மூவரும் கொல்லப்பட்டார்கள்.

பெர்ரி குடும்பத்துக் கல்லில் இந்தியர்கள் கொன்றதாகப் பொறித்திருக்கிறது. பெட்டியின் விவரக்குறிப்பில் அந்த வரியை மட்டும் பரபரப்பாக எடுத்துப் போட்டுவிடாதே. பையூட் பழங்குடியினரின் கல்லறைகளும் அதே தோட்டத்தில் இருக்கின்றன. குடியேறிகள் வருமுன்னே அந்த ஆற்றங்கரையில் பயிர் செய்தவர்கள் அவர்கள். அதையும் எழுது. 1969-இல் வந்த 'பட்ச் கேசிடி' படத்தின் சைக்கிள் காட்சியை அங்கே எடுத்தார்கள் என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நீ விட்டுவிடலாம்.

மல்டி கேஷாகச் செய், அதாவது ஓரிடத்தில் கிடைக்கும் குறிப்பு பெட்டி இருக்கும் அடுத்த இடத்தைக் காட்டும்படி. பாதையில் நின்றபடியே படிக்கக்கூடிய இரண்டு மூன்று கற்களைத் தேர்ந்தெடு. ஒரு கல்லில் உள்ள 1866-இன் கடைசி இரண்டு இலக்கம் அட்சரேகையின் கடைசி இலக்கங்களாகட்டும். இன்னொரு கல்லின் வயது தீர்க்கரேகைக்குப் போகட்டும். அவை காட்டும் இடம் தோட்டத்துக்கு வெகு தொலைவில், சாலையோரமாக இருக்கட்டும். பெட்டியை அங்கே வை. மண்ணைத் தோண்டாதே. எழுத்து மங்கியிருந்தால் சுண்ணக்கட்டி, ஷேவிங் கிரீம், கம்பி பிரஷ் எதையும் கொண்டு கல்லைத் தொடாதே. சின்னக் கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பி அடித்தால் எழுத்து தானாக எழும்பி நிற்கும். வருகிறவர்களுக்கும் இதைக் குறிப்பில் சொல்லிவிடு.

தோட்டத்தைப் பராமரிப்பவர்களிடமும் பெட்டி வைக்கும் நிலத்துக்கு உரியவர்களிடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கு. வாங்கிய பிறகு வரைவை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்