காதுக்கு ஏது இமை?

உங்கள் வீடு மெயின் ரோட்டு ஓரத்திலா? இல்லை, ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் வீடு பைபாஸை ஒட்டினாற்போலவா? அப்படியானால் இதைப் படியுங்கள்.

ராத்திரி இரண்டு மணி. ஒரு லாரி அலறிக்கொண்டு போகிறது. காலையில் கேட்டால், "லாரியா? ஒண்ணும் கேக்கலையே! ஆரம்பத்துல கஷ்டமா இருந்துது, இப்ப பழகிப் போச்சு" என்பீர்கள். சரி, நீங்கள் பழகிவிட்டீர்கள். உங்கள் இதயம் பழகியதா?

அதுதான் இல்லை!

கண்ணுக்கு இமை இருக்கிறது, மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை கிடையாது. நாம் குறட்டை விடும்போதும் காது கூர்க்கா மாதிரி விழித்திருந்து, கேட்டதையெல்லாம் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். திடீரென்று பெரிய சத்தம் வந்தால், 'ஆபத்தோ?' என்று மூளை உஷாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது. நாடித்துடிப்பு எகிறுகிறது. ரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது. ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமாக மாறுகிறது. நீங்கள் விழிக்காமலே இத்தனையும் நடந்து முடிந்துவிடும். காலையில் ஞாபகமும் இருக்காது.

நாளாக ஆக விழிப்பு குறையும், உண்மைதான். ஆனால் இந்த நாடித்துடிப்பு எகிறுவது மட்டும் அவ்வளவு சுலபத்தில் குறைவதில்லை. வருஷக்கணக்கில் இப்படியே போனால் உயர் ரத்த அழுத்தம், மாரடைப்பு போன்றவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ஒரு கணக்குப் போட்டது. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் வருடத்துக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய வாழ்நாள் ஆண்டுகள் வீணாகின்றனவாம். அதில் பெரும்பங்கு தூக்கக் கெடுதலால் வந்தது!

கிராமத்துக்கு ஏன் அதிக பாதிப்பு?

"பட்டணத்துல இல்லாத சத்தமா?" என்று கேட்கலாம். பட்டணத்தில் ராத்திரியிலும் ஒரு 'ங்ஙொய்' ஓடிக்கொண்டே இருக்கும். கிராமத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். பூச்சிச் சத்தம்தான் மிச்சம். அந்த நிசப்தத்தில் 80 டெசிபலில் ஒரு லாரி அலறினால், தூக்கிவாரிப் போடத்தானே செய்யும்? தூக்கத்தைக் கலைப்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அமைதியிலிருந்து அது எவ்வளவு உயரத்துக்குத் தாவுகிறது என்பதும்தான். டெசிபல் கணக்கில் 10 கூடினால், காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவில் ஒரு 'டபடப' தகராறு

அமெரிக்காவில் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் பல காலமாக ஒரு புகார் உண்டு. கனரக லாரிகளின் 'எஞ்சின் பிரேக்' போடும் சத்தம்தான் அது. மெஷின்கன் சுடுவது போல 'டபடபடப'வென்று ஊரையே எழுப்பிவிடும்.

இது எப்படி வந்தது? கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் புகழ்பெற்ற டீசல் எஞ்சின் கம்பெனியை நிறுவியவர். 1931-ல் அவர் ஒரு டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டுவிட்டது. கீழே தண்டவாளத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார்! அந்தப் பயம்தான் பின்னாளில் எஞ்சினையே பிரேக்காக மாற்றும் யோசனையைத் தந்தது. 1961-ல் அது விற்பனைக்கு வந்தது.

சைக்கிள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தால் பிடி மேலே எகிறும். எஞ்சினுக்குள்ளும் அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனை இப்படித்தான் திருப்பித் தள்ளும். அந்தக் காற்றைத் திருப்பித் தள்ளவிடாமல், சரியான சமயத்தில் வால்வைத் திறந்து வெளியே விட்டுவிட்டால்? அழுத்தச் செலவழித்த சக்தி போனது போனதுதான். வண்டியின் வேகம் அடங்கும். வெளியேறும் காற்று 'டப்' என்று வெடிக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான 'டப்'!

அப்படியானால் இந்தப் பிரேக்கையே ஒழித்துவிடலாமா? கூடாது. நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பிரேக் பிடிக்காத லாரி வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அதே அடிவாரத்து ஊர்தான்!

குற்றவாளி பிரேக் அல்ல, சைலன்சர். நல்ல சைலன்சர் இருந்தால் இந்தச் சத்தம் வெகுவாக அடங்கும். ஜம்பத்துக்காகச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டுபவர்களால்தான் தொல்லை. அதனால்தான் அங்கே பல ஊர்களின் எல்லையில் 'எஞ்சின் பிரேக் போடக்கூடாது' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆபத்து வேளைக்குப் பல ஊர்களில் விலக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 'குடியிருப்புப் பகுதி, தயவுசெய்து குறைத்துக்கொள்ளுங்கள்' என்று வேண்டிக் கேட்கும் போர்டுகளையும் பார்க்கலாம். மலையில் பிரேக்கைப் போடு, சமதளத்து ஊருக்குள் வரும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள் என்பதுதான் இதன் சாரம்.

நம் ஊர் வில்லன்

நம் லாரிகள் பலவற்றில் இருப்பது எக்ஸாஸ்ட் பிரேக். அது புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைப்பது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் அதில் இல்லை. நமக்கு வாய்த்த வில்லன் ஏர் ஹாரன்! பிரேக்காவது உயிரைக் காக்கிறது. காலியான ரோட்டில் நடுராத்திரி அடிக்கும் ஏர் ஹாரன் யாரைக் காக்கிறது?

பல ராகத்தில் கூவும் ஹாரனையும், காதைப் பிளக்கும் ஹாரனையும் 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. அந்த நேரத்தில் அங்கே அவசரமில்லாமல் ஹாரன் அடிக்கக்கூடாது என்று 2010-ல் சேர்த்த திருத்தமும் சொல்கிறது. ஆகவே புகார் செய்யத் தயங்க வேண்டாம். ஒரே வண்டி தினமும் தொல்லை தந்தால் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போலீஸிடமோ, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ கொடுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. படுக்கையை ரோட்டுப் பக்கத்திலிருந்து பின்கட்டு அறைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத சிகிச்சை இது! குழந்தைகள், வயதானவர்கள், இதய நோயாளிகளுக்கு முதலிடம்.

2. ஜன்னல், கதவு இடுக்குகளை அடையுங்கள். காற்று நுழையும் இடுக்கு வழியாகவே சத்தமும் நுழையும். திரைச்சீலையால் பெரிய பலன் இல்லை.

3. ஒரு வரிசை மரம் நிழல் தரும், ஆனால் சத்தத்தை அதிகம் தடுக்காது. ரோட்டை மறைக்கும் உயரத்துக்குக் கெட்டியான காம்பவுண்டு சுவர் இருந்தால் ஓரளவு தடுக்கும்.

4. மின்விசிறியின் சீரான ஓசை நல்லது. நிசப்தத்துக்கும் லாரிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கிறது.

5. காதில் பஞ்சு வைப்பதால் பலன் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான்கள் மேல். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

6. வேகத்தடை கேட்டு மனுக் கொடுக்கிறீர்களா? வீட்டுக்கு நேராக வேண்டாம். காலி லாரி குதிக்கும் 'தடால்' சத்தமும், மறுபடி கிளம்பும் உறுமலும் கூடுதல் தொல்லை.

எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் அசதி, பகலில் தூங்கி விழுதல், காரணமில்லாத எரிச்சல், ஏறிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம்... இவை தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். ரோட்டு ஓரத்தில் குடியிருப்பதையும் சொல்லுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம். நாமும் ராத்திரி காரில் போகிறவர்கள்தானே? வழியில் எத்தனை ஊர்! ரோட்டோரத்து வீட்டில் பச்சைக்குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்திருப்பாள் ஒரு தாய். விடிந்ததும் வயலுக்குப் போக வேண்டியவர் அசந்து படுத்திருப்பார். ஊர் எல்லை வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு ஹெட்லைட்டை டிப்-டிம் அடித்தாலே புரியும். வாடகைக் காரில் போனால், "ஊருக்குள்ள ஹாரன் வேண்டாம் தம்பி" என்று டிரைவரிடம் சொல்லுங்கள். உங்கள் லாரி என்றால் ஏர் ஹாரனை இந்த வாரமே கழற்றச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. ஏனென்றால், அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்!