பதவிப் பெயர் வேறு, பார்க்கும் வேலை ஒன்று

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். எனக்குப் பின்னால் சேர்ந்து இதே வேலையைப் பார்க்கும் ஆண் ஊழியருக்கு 39,000. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவரே பேச்சுவாக்கில் சொன்னார். இப்போது ஹெச்.ஆரிடம் கேட்டால், “அவர் சீனியர் மெர்ச்சண்டைசர். சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்கிறார்கள். என் பே ஸ்லிப்புகள் பழைய போனோடு போய்விட்டன. வெளிநாடுகளில் விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போட வேண்டுமாமே, இங்கே அப்படிச் சட்டம் இல்லையா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தனியார் நிறுவனங்களுக்கு இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ 2021-லும் கலிஃபோர்னியா 2023-லும் அதைக் கொண்டுவந்தன. அதனால் எல்லோர் சம்பளமும் ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கில் ஆண், பெண் சம்பள விவரத்தை நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்று 2006-இல் சட்டம் வந்தது. இடைவெளி குறைந்தது உண்மை. பெரும்பாலும் ஆண்களின் சம்பளம் மெதுவாக ஏறியதால்தான் குறைந்தது.

உங்களுக்கு அந்தச் சட்டம் தேவையும் இல்லை. 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரே வேலைக்கோ, ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினம் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. எனவே கேள்வி ஒன்றுதான்: நீங்கள் இருவரும் பார்ப்பது ஒரே வேலையா? திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு உண்டா? ‘சீனியர்’ என்று பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் வேலை வேறாகிவிடாது. மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் (1987) பெண் ஸ்டெனோகிராஃபர்கள் தனிப் பிரிவு என்றுதான் நிறுவனம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிதி நெருக்கடி என்ற சாக்கையும் ஏற்கவில்லை. ஆனால் அவர் பெரிய பையர்களைத் தனியாகக் கையாள்கிறார், அவருக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் உங்கள் வழக்கு பலவீனம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

அந்தக் கையெழுத்து, சட்டப்படியான அதிகாரியிடம் உங்கள் சம்பளத்தைச் சொல்வதைத் தடுக்காது என்பது என் கருத்து. அதற்காக வாட்ஸ்அப் குழுவில் போட்டு விடாதீர்கள். உங்கள் புகாரைக் காட்டி அந்த ஊழியரின் சம்பளத்தைக் குறைக்கவும் சட்டம் இடம் தரவில்லை.

இனி உங்களைத்தான் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற டயர் ஆலை மேற்பார்வையாளருக்கு, ஆண்களைவிடத் தனக்குக் குறைவு என்பதே யாரோ எழுதிய மொட்டைச் சீட்டு ஒன்றால்தான் தெரியவந்தது. 180 நாள் கெடு தாண்டிவிட்டது என்று 2007-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. 2009-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அவருக்காவது தெரியாது. உங்களுக்குத் தெரியும்! புதிய தொகுப்பில் கோரிக்கை மனுவுக்கு மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம். ‘கேட்கத் தயங்கினேன்’ என்பதை அதிகாரி ஏற்பாரா என்பது சந்தேகமே. 2025 நவம்பருக்கு முந்தைய மாதங்கள் பழைய சட்டத்தின் கீழ் வரும். அந்தக் கணக்கைத் தாள்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பே ஸ்லிப் போனோடு போயிற்று என்பது பதில் ஆகாது. வங்கி ஸ்டேட்மென்ட்டும் பி.எஃப். பாஸ்புக்கும் இன்றைக்கே எடுக்கலாம். நியமனக் கடிதம், இருவருக்கும் ஒரே மாதிரி வேலை ஒதுக்கிய மெயில்கள், நீங்கள் பார்த்த ஷிப்மென்ட்களின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். தொழிலாளர் துறைக்குப் போகும் மனுவை அவர் எழுதட்டும். அலுவலகக் கணினியிலிருந்து அந்த ஊழியரின் பே ஸ்லிப்பை எடுக்காதீர்கள். அது உங்கள் மேலேயே நடவடிக்கையாகத் திரும்பும். அதுவரை ராஜினாமாவும் வேண்டாம். ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.