பால் அம்மாவுக்கு, மற்ற வேலை அப்பாவுக்கு!

தோழிகளே, இந்தப் பக்கத்தைப் படித்ததும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். “பிள்ளை எந்நேரமும் அவகிட்டயே இருக்கு, என்கிட்ட வந்தா அழுது” என்று கைக்குழந்தை உள்ள வீட்டு அப்பாக்கள் ஏங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்காகப் புட்டிப்பால் பக்கம் போக வேண்டாம். பாலைத் தவிர குழந்தைக்கு ஆக வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதில் பாதியை அப்பா எடுத்துக்கொண்டாலே பிள்ளை ஒட்டிக்கொள்ளும். இனி அப்பாக்களிடமே சொல்கிறேன்.

1. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி ஏப்பம் விட வைப்பது உங்கள் வேலை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் கக்கினாலும் சட்டை தப்பும்.

2. சட்டையைக் கழற்றிவிட்டு, லங்கோடு மட்டும் கட்டிய குழந்தையை வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, முதுகில் மெல்லிய துணி போர்த்துங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய ‘கங்காரு’ முறை இதுதான். அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை, அப்பாவின் நெஞ்சும் அதே கதகதப்பைத் தரும். உங்களுக்குக் கண் சொக்கினால் மட்டும் உடனே குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். நெஞ்சில் வைத்தபடி சோபாவில் தூங்கவே கூடாது.

3. வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு தூக்குங்கள். பையில் பேனா, செல்போன் எதுவும் இல்லாத பழைய பருத்திச் சட்டை இரண்டைப் பிள்ளை தூக்குவதற்கென்றே ஒதுக்கிவிடலாம். சிகரெட் புகை துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் அந்தப் பழக்கத்தை விட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

4. பிறந்த புதிதில் குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும். ஒரு சாணுக்குச் சற்றுத் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள். கறுப்பு வெள்ளைப் பட அட்டையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம், உங்கள் கட்டம் போட்ட லுங்கியைக் காட்டினாலே கண் கொட்டாமல் பார்க்கும்.

5. பழைய வேட்டி நாலைந்தைக் கிழித்து லங்கோடு தைத்துக்கொண்டால் டயபர் செலவு பாதியாகக் குறையும். துணி மாற்றுவதை நீங்களே செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது நன்றாக நனைத்தால், எடையும் ஏறிவந்தால், பால் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். நனைத்த கணக்கை நாட்காட்டித் தாளில் கோடு போட்டு வையுங்கள். யாராவது “பால் பத்தலையோ?” என்று கிளப்பினால் மனைவி கலங்க வேண்டியதில்லை, அந்தத் தாளை எடுத்து நீங்கள் காட்டலாம்.

6. படுக்கும் முன்பே மாற்றுத் துணி, துண்டு, ஒரு சொம்பு தண்ணீர் மூன்றையும் கட்டிலருகே எடுத்து வையுங்கள். ராத்திரியில் குழந்தை சிணுங்கினால் எடுத்துத் துணி மாற்றி மனைவியிடம் கொடுப்பதும், குடித்தபின் வாங்கி ஏப்பம் விட வைத்துப் படுக்கப் போடுவதும் உங்கள் பங்கு. பெரிய விளக்கைப் போடாமல் ஜீரோ வாட் பல்பிலேயே முடித்தால் மூவரும் சீக்கிரம் தூங்கிவிடலாம்.

7. பால் கொடுக்க உட்கார்ந்ததும் அம்மாவுக்குத் தாகம் எடுக்கும். கேட்கும் முன்பே தண்ணீரை நீட்டுங்கள், சாப்பாட்டு வேளையென்றால் சோற்றைப் பிசைந்து ஊட்டியும் விடலாம்.

8. பாட்டி காலை நீட்டிக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் இருந்து பழகுங்கள். முதலில் வெந்நீர் விளாவுவதும் துவட்டுவதும் செய்யலாம், கை பழகியதும் ஞாயிற்றுக்கிழமைக் குளியலை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரின் சூட்டை முழங்கையில் பாருங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

9. சாயங்கால அழுகை ஆறாவது வாரத்தையொட்டி அதிகமாக இருக்கும், பிறகு தானாகவே குறையும். பால் குடித்தும் அழுகிறதென்றால் அப்பாவின் முறை: முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாங்கிக்கொண்டு மொட்டைமாடியில் நடங்கள். பொறுமை போகிறதென்று தோன்றினால் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிடுங்கள். எந்தக் கோபத்திலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

10. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்றால் வாரக்கடைசியில்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். மாமியார் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துவிடாதீர்கள்; போய் இறங்கியது முதல் பஸ் ஏறும் வரை துணியும் தூளியும் உங்களுடையது. தினமும் ஒரே பாட்டைப் போனில் பாடி, நேரில் போகும்போது அதையே தூளியருகில் பாடுங்கள்.

11. மத்திய அரசு ஊழியருக்கு இரண்டு குழந்தை வரை 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு, பிரசவமாகி 6 மாதத்துக்குள் எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் உதவிக்கு ஆள் இருந்தால், மனைவியும் குழந்தையும் உங்கள் வீட்டுக்குத் திரும்பும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

12. மனைவி வெளியே போகவேண்டிய நாளில் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலை நீங்கள் கொடுக்கலாம். புட்டி வேண்டாம், நம் பாலாடையே போதும்: கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையை உதட்டோரம் வைத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பாலை வெளியே வைக்காமல் உடனே பிரிட்ஜின் உள்பக்கத்தில் வைத்தால் 4 நாள் வரை இருக்கும். சூடாக்க அடுப்போ மைக்ரோவேவோ வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தாலே போதும்.

13. தடுப்பூசி 6, 10, 14-வது வாரங்களில் வரும். அட்டையைப் பத்திரப்படுத்துவதும் தூக்கிக்கொண்டு போவதும் அப்பாவே செய்யட்டும். ஊசி போட்டதும் மனைவியிடம் கொடுத்துப் பால் குடிக்க வைத்தால் வலி சீக்கிரம் அடங்கும். பஸ்ஸில் போகிறீர்களென்றால், தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. எந்தப் பக்கம் என்று நீங்கள் முன்னால் போய்ப் பார்த்து வையுங்கள்.

14. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கொண்டு வருகிற பெரியவர்களிடம் “டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார் பெரியம்மா” என்று பணிவாகச் சொல்வது அப்பாவின் பொறுப்பு. மருமகள் சொன்னால் மனத்தாங்கலாகும், மகன் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

15. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச் சாதமும் சேரும். அதில் தினம் ஒரு வேளையாவது நீங்களே பிசைந்து, நீங்களே மடியில் வைத்து ஊட்டுங்கள்.