கம்பாலாவில் பிரிட்டிஷ்காரர், லண்டனில் அந்நியர்

1972 ஆகஸ்ட் 4 அன்று உகாண்டாவின் தொரோரோ படைமுகாமில் அந்நாட்டு ஆட்சியாளர் இடி அமின் பேசினார். நாட்டிலுள்ள பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்றார். கனவில் கடவுள் இட்ட கட்டளை இது என்றும் சொன்னார். அடுத்த சில நாட்களில் இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேசக் குடிமக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். ஐம்பது ஆண்டு தாண்டியும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "அவர்களும் கொஞ்சமா சுரண்டினார்கள்?" என்பது ஒன்று. "நம்மாட்கள் போனதும் அந்த நாடு என்ன ஆச்சு பாருங்கள்" என்பது மற்றொன்று. எதிரும் புதிருமாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. மனிதர்களின் பிறப்பை வைத்தே அவர்களை எடைபோடுகின்றன. இந்த ஆசியர்களைப் பற்றி உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: தீனி போடாமல் பசுவின் பாலை மட்டும் கறந்தவர்கள்.

இது அமினே சொன்ன குற்றச்சாட்டு. மக்களிடம் இது எடுபட்டதற்குக் காரணம் உண்டு. பருத்தி விளைவித்தவர் ஆப்பிரிக்க விவசாயி. அதை வாங்கிக் கொட்டை நீக்கிய ஜின்னிங் ஆலைகளில் பெரும்பாலானவை ஆசியர்களுடையவை. கிராமத்துக்கு ஒன்றாக இருந்த, டூக்கா எனப்பட்ட தகரக்கூரைச் சிறு கடையில் உப்பும் மண்ணெண்ணெயும் சோப்பும் துணியும் விற்றவர் குஜராத்திக்காரர். அதே கடைத் திண்ணையில் தையல் மெஷின் மிதித்தவர் ஆப்பிரிக்கர். யார் உள்ளே, யார் வெளியே என்பது தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. 1949-ல் உகாண்டாவின் புகாண்டா பகுதியில் கலவரம் வெடித்தது. 1959-ல் அங்கே ஆசியர் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டமும் நடந்தது. இந்த மனக்குறை பொய்யானதல்ல. ஆசியர்களில் பலர் ஆப்பிரிக்கர்களோடு கலக்காமல் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி, தனி கிளப் என்று வாழ்ந்ததும் பொய்யல்ல.

ஆனால் அந்த அடுக்கைக் கட்டியது யார்? வெள்ளையர் ஆள்வார்கள், ஆசியர் வியாபாரம் செய்வார்கள், ஆப்பிரிக்கர் உழுவார்கள் என்பது பிரிட்டிஷ் நிர்வாகம் சட்டமாகவும் லைசென்சாகவும் எழுதி வைத்த ஏற்பாடு. ஆசியர்கள் விவசாய நிலம் வாங்கத் தடைகள் இருந்தன. அதனால் அவர்களின் பணம் கடையிலும் ஆலையிலும்தான் போய் நின்றது. பருத்தி விலையில் அரசாங்கத்தின் கைதான் ஓங்கியிருந்தது. அமினின் பேச்சு இந்த ஏற்பாட்டை மொத்தமாக மறைத்துவிட்டு அதன் பாவத்தை ஓர் இனத்தின் ரத்தத்தில் ஏற்றிவிட்டது. ஆலை முதலாளியும் அவரிடம் கணக்கெழுதிய குமாஸ்தாவும், பள்ளி வாத்தியாரும் மேஸ்திரியும் ஒரே இரவில் ஒரே குற்றவாளி ஆனார்கள்.

நம்பிக்கை: எல்லாரும் ரயில் பாதை போட வந்த கூலிகளின் வாரிசுகள்.

உகாண்டா ரயில்வேக்காக 1896 முதல் ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். தங்கியவர்கள் ஏழாயிரத்துக்குள்தான். மற்றவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார்கள். பின்னாளைய ஆசியர்களில் மிகப் பலர் சொந்தச் செலவில் கப்பலேறி வந்தவர்கள். கட்ச் பகுதியிலிருந்து 12 வயதில் சான்சிபாருக்கு வந்த அல்லிதினா விஸ்ராம், ரயில் ஓடுவதற்கு முன்பே சுமைக்காரர் நடந்த பாதைகளில் கடை போட்டவர். இந்தச் சிறு பிழையைத் திருத்தக் காரணம் இருக்கிறது. "வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், அவனே அழைத்துப் போகட்டும்" என்ற அரசியல் இதன்மேல்தான் நின்றது.

நம்பிக்கை: அந்த நாட்டின் குடியுரிமையையே வேண்டாம் என்றவர்கள்.

1962-ல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமை பெற இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. பலர் தயங்கியது உண்மை. விண்ணப்பித்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை. முடிவாகாமல் கிடந்த சுமார் 12,000 மனுக்களை 1971 கடைசியில் அமின் அரசு ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. கேட்டும் கொடுக்காமல் விட்டு, எட்டு மாதம் கழித்து, "ஏன் கேட்கவில்லை?" என்று ஊரைவிட்டு அனுப்பினார்கள். குடியுரிமை பெற்றவர்களும் தப்பவில்லை. சரிபார்ப்பு என்று வரிசையில் நிற்க வைத்தார்கள். பழைய பிரிட்டிஷ் குடியுரிமையைக் கைவிட்ட தாள் கெடு தாண்டி வந்திருந்தால்கூடப் போதும், பத்தாண்டுக் குடியுரிமை அந்த மேஜையிலேயே செல்லாமல் போனது.

நம்பிக்கை: பிரிட்டன் கருணையோடு அடைக்கலம் கொடுத்தது.

இது எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுகிற நம்பிக்கை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அவர்கள் கேட்டது பிச்சை அல்ல, பாத்தியதை. அந்தப் பாத்தியதையை 1968-லேயே லண்டன் நாடாளுமன்றம் பிடுங்கியிருந்தது. கென்ய ஆசியர்கள் வருகிறார்கள் என்ற பீதியில் மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேறியது. தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால் தடையின்றி நுழையலாம் என்ற விதியால் வெள்ளைக் குடியேறிகளுக்கு வாசல் திறந்தே இருந்தது. ஆசியர்களுக்கு மூடியது. 1973-ல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் இதை இனப் பாகுபாடு என்றும் மனிதரை இழிவுபடுத்துவது என்றும் முடிவு செய்தது. அந்த அறிக்கை வெளியே வர 1994 ஆனது.

அமின் அறிவித்ததும் பிரிட்டிஷ் அரசியல்வாதி ஈனாக் பவல், இவர்களை ஏற்கும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்று பேசினார். ஸ்மித்ஃபீல்ட் சந்தைத் தொழிலாளர்கள் லண்டனில் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மன்றம் 'உகாண்டா ஆர்கஸ்' பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரமே போட்டது. வீட்டுக்குக் காத்திருப்போர் ஏராளம், பள்ளியில் இடமில்லை, உங்கள் நலனுக்காகவே லெஸ்டருக்கு வராதீர்கள் என்பது அதன் சாரம். குடும்பத்துக்கு 50 பவுன் அளவுக்குமேல் கொண்டுபோகக் கூடாது என்ற உத்தரவோடு, எண்டெபி விமான நிலையம் போகும் வழியெல்லாம் சிப்பாய்கள் நகையையும் கடிகாரத்தையும் பறித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் அவர்கள் பிரித்த பேப்பரில் அந்த விளம்பரம் இருந்தது. கம்பாலாவில் அவர்கள் பிரிட்டிஷ்காரர்கள், ஆகவே போக வேண்டும். லண்டனில் அவர்கள் ஆசியர்கள், ஆகவே வரக் கூடாது.

பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு இந்தக் கூச்சலுக்குப் பணியாமல் சுமார் 28,000 பேரை ஏற்றது. அந்த உறுதிக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். லெஸ்டருக்கும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அந்நகரத்தில் பெல்கிரேவ் சாலைத் தீபாவளி இன்று ஊரே கூடும் விழா.

நம்பிக்கை: ஆப்பிரிக்கர்களுக்கு வியாபாரம் தெரியாது, அதனால்தான் உகாண்டா சரிந்தது.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள் என்பதால் தயங்காமல் மறுக்க வேண்டியிருக்கிறது. 1954-லேயே புகிசு பகுதியின் ஆப்பிரிக்கக் காப்பி விவசாயிகள் தங்கள் கூட்டுறவு ஒன்றியத்தை நிறுவிவிட்டார்கள். பருத்தியிலும் கூட்டுறவுச் சங்கங்கள் 1960-களில் ஜின்னிங் ஆலைகளை வாங்கி நடத்தின. பறித்த கடைகளும் ஆலைகளும் இந்த அனுபவசாலிகளுக்குப் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. ராணுவ அதிகாரிகளுக்கும் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்கும் பங்கு வைக்கப்பட்டன. சரக்கை விற்றுத் தீர்த்துக் கதவைச் சாத்தியவர்கள் அவர்கள். சர்க்கரை ஆலைகள் படுத்து, சோப்புக்கும் உப்புக்கும் கள்ளச்சந்தை வந்தபோது அவதிப்பட்டது சாதாரண உகாண்டாக்காரர்தான்.

அமினின் வன்முறை ஆசியர்களோடு நிற்கவும் இல்லை. கெடு முடியுமுன்பே, 1972 செப்டம்பர் 21 அன்று, நாட்டின் தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானுகாவை உயர் நீதிமன்றத்திலிருந்தே ஆயுதக்காரர்கள் இழுத்துச் சென்றார்கள்; பிறகு கொன்றார்கள். அமின் ஆட்சிக்கு எதிராகத் தீர்ப்பளிக்கத் துணிந்தவர் அவர். அடுத்த மாதம் மகெரெரே பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஃபிராங்க் கலிமுசோ காணாமல் போனார். இருவரும் ஆப்பிரிக்கர்கள். உலகப் பத்திரிகைகள் விமானம் ஏறும் ஆசியர்களை எண்ணிக்கொண்டிருந்த அதே 90 நாளில்தான் இதுவும் நடந்தது.